அம்மாவின் பெயரில் ஒரு சான்றிதழ்

போர்ட் பிளேர்
9.1.2022

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் அப்பாவிடமே இருப்பதால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே அம்மா, தாத்தாவுக்குக்கூட. கப்பலில் வேலை செய்யும் விஜயன் மாமாவிடம் பள்ளி நோட்டு என்று சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன்.

தாத்தாவைப் பார்த்துக்கொள்ள நீ ஹட் பே தீவுக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. தலையை நானே பின்னிக்கொள்கிறேன். வகிடு கோணலாகவே வருகிறது.

நம் லாட்ஜ் வாசலில் அப்பா போர்டு வைத்துவிட்டார். கொரோனா ஊசி இரண்டும் போட்ட சான்றிதழ் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாதாம். நம் வீடு அதே லாட்ஜின் மாடிதானே, அம்மா எப்படி வருவாள் என்று கேட்டேன்.

"மெயின்லேண்ட் காண்ட்ராக்டரையே திருப்பி அனுப்பிட்டேன். நீலாவதிக்கு மட்டும் தனி ரூலா? என் லாட்ஜ். யாரை விடணும்னு நான்தான் சொல்லணும்" என்றார்.

சமையல்கார கிருஷ்ணமூர்த்தி மாமா கொரோனாவில் போனதிலிருந்து, யார் இருமினாலும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் கோபப்படவும் முடியவில்லை. எப்படியாவது வந்துவிடு.

உன் பானு


ஹட் பே
16.1.2022

என் பானுக்குட்டிக்கு,

முதல் ஊசியில் என் தொண்டை வீங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரண்டாவது இப்போது வேண்டாம் என்று டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊசி கெட்டது என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் போடும்போது நீ போட்டுக்கொள்.

டாக்டர் சீட்டைப் பற்றி அப்பாவிடம் போனில் சொன்னேன். "அதை ஒத்துக்கிட்டா ஆளுக்கொரு சீட்டு கொண்டு வருவான்" என்றார். லாட்ஜ் அவருடையது, சரி. ஆனால் உடம்பு என்னுடையது. அதைப் பற்றி வரவேற்பு மேசையில் கெஞ்சிவிட்டு என் வீட்டுக்கு ஏற மாட்டேன்.

28ஆம் தேதிக் கப்பலில் வருகிறேன். கப்பலுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் போதும். துறைமுக வாசலில் நில். உன்னைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அம்மா


போர்ட் பிளேர்
25.1.2022

அம்மா,

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். எல்லாரும் தூங்கட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

தங்க வருகிறவர்களின் சான்றிதழ் நகலை அப்பா ஒரு ஃபைலில் வைப்பார். அவருடைய சான்றிதழில் பெயர், வயது, ஆண் என்று இருந்த இடங்களின் மேல், உன் விவரத்தை டைப் செய்த துண்டுக் காகிதம் ஒட்டி, நம் மிஷினிலேயே நகல் எடுத்து அதில் வைத்தேன். நீ வரும் அன்று யாராவது கேட்டால் காட்டலாம் என்றுதான்.

இன்று காலை அப்பா அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை அம்மா. நம்பிவிட்டார். விஜயன் மாமா கொண்டு வந்தார் என்று பொய் சொன்னேன்.

"போட்டுக்கிட்டாளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே உங்கம்மா. சரி, நேர்லயே கேட்டுக்கறேன்" என்று அந்தத் தாளைத் தடவிக்கொண்டே நின்றார். சாயந்திரம் புது மெத்தை உறை வாங்கி வந்தார். நீ 28ஆம் தேதிக் கப்பலில் வருவதைச் சொல்லிவிட்டேன். அவரே துறைமுகத்துக்கு வருகிறாராம். பக்கத்து வீட்டு ராணி சித்தி, "மாப்பிள்ளைக்கு இன்னைக்குத்தான் கல்யாணம் போல" என்று கிண்டல் செய்தாள். அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

நீ பேசாமல் இருந்துவிட்டால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அப்படி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ பொய் சொல்ல மாட்டாய். துறைமுகத்தில் எல்லார் முன்னாலும் அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் முகம் என்ன ஆகும். அதனால் நாளைக்கு நானே சொல்லிவிடலாம் என்று—

அப்பா கதவைத் தட்டுகிறார். "பானு, லைட் எரியுதே. அம்மாவுக்கு எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தா பிடிக்கும்? கட்டிலைத் திருப்பிப் போடலாமா?"

அம்மா, இப்போதே சொல்லிவிடப் போகிறேன்.