முதல் மடக்கு

செப்டம்பர் 14
மறுபடி ஸ்கேன். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. "பாவநிவாரண நாளுக்கு இந்த வருஷம் உபவாசம் கிடையாது. தண்ணி குறையவே கூடாது" என்றாள் என்னைப் பார்க்கும் டாக்டர் எலேனா. நானும் டாக்டர்தானே, தெரியாதா? ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன. இந்தக் கர்ப்பத்தை என் கணவர் தாரியோவுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். வெளியே சொன்னால் கண்படும் என்பது எங்கள் யூதர்களின் நம்பிக்கை. அதை நம்புகிறேனா? பயப்படுகிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 19
நான் ரபீனாவாக, பெண் மதகுருவாக, இருக்கும் ஜெப ஆலயத்தில் பாடுகிற நாகூம் பெரியவர் என் நோயாளியும்கூட. சிறுநீரகம் பாதி போய்விட்டது. "உபவாசத்தன்னைக்கு நீங்க தண்ணி குடிச்சே ஆகணும். குடிக்காட்டிதான் பாவம்" என்றேன்.

"இதை டாக்டர் சொல்றாளா, ரபீனா சொல்றாளா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப எல்லாரும் பார்க்க மேடையில நீ முதல் மடக்கு குடி. அப்புறம் நான் குடிக்கிறேன்."

மாத்தே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பெர்லா, "கிழவனுக்கு வாய் மட்டும் இன்னும் பழுதாகல" என்றாள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 23
அறைக்குள் ஒளிந்து குடிக்கலாம். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மதச் சட்டத்தில் தடையில்லை. பிறகு எந்த முகத்தோடு அவரைக் குடிக்கச் சொல்வது? மேடையில் குடித்தால் அத்தனை பெண்களும் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். பார்த்தா என்ன ஆயிடும்? தெரியலையே — பயமா இருக்கு.

செப்டம்பர் 26
நேற்று பாவநிவாரண நாள், எழுதக் கூடாத நாள்.

மதியத் தொழுகையில் எனக்குக் கண் இருட்டியது. பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த நாகூமின் குரல் பிசிறடித்தது, உதடு வெளுத்திருந்தது. டம்ளரை எடுத்து எல்லார் முன்னாலும் குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இன்னொரு கையைப் பார்த்தார். அது வயிற்றின்மேல் இருந்தது, எனக்கே தெரியாமல்.

"அடி பைத்தியக்காரி, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்து, டம்ளரை வாங்கி மீதியைக் குடித்தார்.

அக்டோபர் 11
இன்னும் தினமும் பயந்துகொண்டேதான் எழுகிறேன். ஆலயத்தில் எல்லாருக்கும் தெரியும். கண்படக் கூடாதென்று ஒருவர்கூட வாழ்த்தவில்லை, கேட்கவில்லை. இன்று பெர்லா மட்டும் படியிறங்கும்போது காதோடு சொன்னாள்: "ஒரு குட்டிச் சட்டை பின்னிட்டேன். பயப்படாதே, பிறக்கிற வரைக்கும் அது என் வீட்டு வாசலைத் தாண்டாது."

என்ன நிறம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.