டிராக்டரில் வந்த சாய்தளம்

நுகேனி கிராமம்,
டிசம்பர் 5

அன்புத் தம்பி அனத்தோலிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் மகள் இலிங்காவும் நலம். உன் நலத்துக்காக ஜெபிக்கிறேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை அவளுக்குச் சரியாக இருக்கிறது.

நேற்று பூசை முடிந்து வந்து, வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டே டிவி பார்த்தேன். மாற்றுத்திறனாளிகளை விடுதிகளில் அடைத்து ஒதுக்காமல் எல்லோரோடும் சேர்த்துக்கொண்டதற்காக நம் நாட்டுக்கு வெளிநாட்டில் விருது. அதை வாங்க, அரசு அதிகாரியாக மேடையில் நீ. உன் பின்னால் பெரிய திரையில் என் மகள், சக்கர நாற்காலியில் சாய்தளம் ஏறிப் பள்ளிக்குள் போகிறாள். கையிலிருந்த பென்சில் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

அந்த இரும்புச் சாய்தளம் படமெடுத்த ஒரு நாள்தான் இங்கே இருந்தது, தெரியுமா? மறுநாளே டிராக்டரில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பள்ளி வாசலில் செங்குத்தான படிகள். வளர்ந்த பிள்ளையை நான் எப்படித் தூக்குவேன்? அந்த ஒரு நாளைத் தவிர அவள் வீட்டில்தான் இருக்கிறாள். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா இருக்கேன்மா?"

நீ அவளுக்கு மாமன் மட்டுமல்ல, ஞானத்தகப்பன். தெரிந்தேதான் அந்த மேடையில் நின்றாயா?

இப்படிக்கு,
அக்கா பரஸ்கீவா

தலைநகர்,
டிசம்பர் 14

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படமெடுத்தது வேறு பிரிவு. சத்தியமாக எனக்குத் தெரியாது. விசாரித்தேன். சுற்று வட்டாரத்துக்கே அந்த ஒரு சாய்தளம்தானாம்.

இப்போது வாய் திறந்தால் விருதோடு என் வேலையும் போகும். விருது கொடுத்தவர்கள் ஜனவரியில் உங்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். சாய்தளம் திரும்ப வரும். அன்றைக்கு மட்டும் இலிங்காவை அழைத்து வா. பாதிரியார் சாய்தளத்துக்குப் புனித நீர் தெளிக்க நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். நம் வழக்கமென்றால் வெளிநாட்டார் ரசிப்பார்கள்.

அதன் பிறகு அவளை இங்கே ஒரு நல்ல விடுதியில் சேர்த்துவிடலாம். நீயும் எவ்வளவு காலம்தான் சிரமப்படுவாய்? கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
அனத்தோலி

நுகேனி,
ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

விடுதி என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அந்த மாதிரி விடுதிகளையெல்லாம் மூடியதற்குத்தானே உங்களுக்கு விருது?

விருந்தினர் வந்து, கைதட்டி, போய்விட்டார்கள். பாதிரியார் நிகிஃபோர் நம் கோயில் வழக்கப்படி துளசிக் கொத்தைப் புனித நீரில் நனைத்துச் சாய்தளம் முழுக்கத் தெளித்தார். மறுநாள் டிராக்டரோடு வந்த கிரிகோரே அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். ஊர்த் தலைவர் அதட்டியதற்கு அவர் சொன்னார்:

"தீர்த்தம் தெளிச்சதைப் பேத்தெடுக்க நான் ஆளில்லைங்க. வேணும்னா தலைநகர்லேருந்து அந்த ஆபீசரே வந்து எடுக்கட்டும்."

சிலுவை போட்டுக்கொண்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கிணறோ வீடோ, தெளித்த ஒன்றை இந்த ஊரில் யார் பெயர்த்து நீ பார்த்திருக்கிறாய்? பட்டணத்தில் இருந்து இருந்து அதுகூட மறந்துபோயிற்றா?

இலிங்கா தினமும் பள்ளிக்குப் போகிறாள். பக்கத்து ஊரிலும் நடக்க முடியாத ஒரு பையன் இருக்கிறானாம். சாய்தளம் இங்கேயே நின்றதால் அவனுக்கு இல்லாமல் போயிற்று. அங்கே புதிதாக ஒன்று செய்து அனுப்பு. பாதிரியாரை நான் அனுப்பி வைக்கிறேன்.

ஈஸ்டருக்கு வந்து சேர். விடுதி விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல உன்னால் முடிந்தால், நீயே சொல்.

உனக்காக ஜெபிக்கும்,
அக்கா