துரைசாமி வண்டியில் நான் மாற்றிய ஜெட்

பூந்தமல்லி. மாசி 9, வியாழன்.

பட்டாளத்திலிருந்து திரும்பிய துரைசாமி இன்று என் பட்டறைக்கு வந்தான். நான்கு வருடம் முன்பு பர்மாவுக்குப் போகும்போது தன் மோட்டார் சைக்கிளை என்னை நம்பித்தான் விட்டுப் போனான்.

இருவருமாகப் பழைய பெட்ரோலைக் கொட்டினோம், டேங்கைக் கழுவினோம், கார்புரேட்டரை ஊதித் துடைத்தோம். உதைத்ததும் இஞ்சின் கிளம்பியது. வேகம் கொடுத்தால் மட்டும் தும்மித் தும்மி அடங்கியது.

"இன்னா காதரு, இப்டி மூச்சு வாங்குது?"

"ரொம்ப நாளா நின்னுகினு இருந்துச்சில்ல, அதான்" என்றேன்.

பொய். யுத்தத்தில் உதிரி சாமான் கிடைக்காத நேரம், ஊர் டாக்டரின் வண்டி நின்றுபோனது. துரைசாமி வண்டியிலிருந்து பெட்ரோல் பாயும் ஜெட்டைக் கழற்றி அதில் போட்டுவிட்டு, இங்கே சின்னத் துளையுள்ள வேறொன்றைத் திருகி வைத்தேன். டாக்டர் வண்டியோடு ஊர் மாறிப் போய்விட்டார்.

காற்று போகும் வழியைப் பாதி மூடி ஒருவாறு ஓடவைத்தேன். துரைசாமி ஏரிவரை போய்வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"ஒரு திருகாணி கூட மாறாம வெச்சுகினு இருந்தியே மச்சான்! காலைல இதுலயே பெங்களூர் போறேன், வேலைக்கு."

அத்தனை தூரம் பெட்ரோல் போதாமல் ஓடினால் இஞ்சின் கொதித்து பிஸ்டன் இறுகிவிடும். நடு ரோட்டில் வண்டி அவனைத் தூக்கி எறியும். சொல்ல வாயெடுத்தவன், "ராத்திரி இங்கியே படுத்துக்கோ" என்று பாயை விரித்தேன்.

பக்கத்து அறையில் அவன் தூங்குகிறான். இஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைக் கழற்றி என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் எங்கே என்று கேட்பான். அப்போது சொல்லாமல் தப்ப முடியாது.