படம் எடுத்தவன் எங்கே நின்றான்?

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் உன்னைப் பெரிய வீரனாக்கிவிட்டார்கள். சிரிக்காதே, புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

போர் வரலாறு என்று வழவழ தாளில், பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு ஒரு புத்தகம். உன் மகன் சேகர் வாங்கி வந்து காட்டினான். அதில் நீ மணல் மூட்டைமேல் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிறாய். கீழே, 'எதிரியைக் குறிபார்க்கும் வீரர்' என்று எழுதியிருக்கிறது. யார் எடுத்தது, எந்த இடம், எதுவும் இல்லை.

கல்பாக்கத்தில் என் குவார்ட்டர்ஸுக்கு வரும்போதெல்லாம் லைப்ரரியில் இந்த மாதிரிப் புத்தகங்களோடுதானே சண்டை போடுவாய்? "கீழ எழுதிக்கீறத வெரலால மூடிக்கோ விமலா. படத்த மட்டும் பாரு. எடுத்தவன் எங்க நின்னுகினு எடுத்தான்? குண்டு வர்ற பக்கம் முதுகக் காட்டிகினு எவனாவது போட்டோ புடிப்பானா?" என்பாய். உன் படத்தையும் அப்படியே மூடிப் பார்த்தேன். துப்பாக்கிக்கு நேர் எதிரே நின்று, உன் முழு முகமும் தெரிய எடுத்திருக்கிறான்.

நீ பட்டாளத்தில் ஓட்டியது தண்ணீர் லாரி. போட்டோக்காரர் வந்த அன்று பக்கத்திலிருந்தவர் தன் துப்பாக்கியைக் கொடுத்து உட்கார வைத்ததாக நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்!

சேகர் அந்தப் படத்தைத்தான் உன் நினைவு நாள் பேனருக்குக் கொடுத்திருந்தான். செங்கல்பட்டில் பேனர் அடிக்கும் கடைக்கே போய் நிறுத்தி, நீ லாரியோடு நிற்கும் பழைய படத்தைக் கொடுத்தேன்.

"இன்னா அத்த, பேஜார் பண்ற? புக்குலயே போட்டுக்கீது. லாரி படத்த வெச்சா ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்டா. குண்டு விழற ரோட்ல தண்ணி கொண்டுபோனான் உங்கப்பன். அதுக்கு மேல இன்னா வோணும்?"

அவனுக்குக் கோபம். எனக்கும்தான். நிலமில்லாத வீட்டில் பிறந்தவர்கள், யாரோ கௌரவம் தந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா? நீ செய்த வேலையை மறைத்துவிட்டுத் தரும் கௌரவம் எனக்கு எதற்கு அண்ணே?

இப்போது படாளம் கூட்டுரோட்டில் நீ லாரிப் படியில் நனைந்த பனியனோடு நிற்கிறாய். சேகர் என்னோடு பேசுவதில்லை. வலிக்கிறது, ஆனால் பேனரை மாற்ற மாட்டேன். உனக்காவது நான் செய்தது பிடித்திருக்கிறதா?

அந்தப் புத்தகம் எந்த லைப்ரரியில் கண்ணில் பட்டாலும் உன் பக்கத்தில் ஒரு சீட்டு வைப்பேன். 'இவர் இங்கே சுடவில்லை. தண்ணீர் கொண்டுபோனவர்.' இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். படத்துக்குக் கீழே எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. நான் போடுவேன்.

உன்கூடப் பிறந்தவள்,
விமலா