உதிரிப் பூண்டும் உன் கணாதரும்

அன்புள்ள தம்பி ராஜமுருகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடும் நாயும் சுகம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லா போட்டுச் சுகமாய் இருக்க குழந்தை வேலப்பர் துணை. அப்பா சுகமா என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அது அவர் மடியிலேயே கிடக்கிறது.

போன மாதம் அவரிடம் கணாதர் என்று ஒரு முனிவர் கதை சொன்னாயே. அறுத்த காட்டில் சிந்திக் கிடந்த தானியத்தைப் பொறுக்கித் தின்றே வாழ்ந்தார், உலகமெல்லாம் அணுக்களால் ஆனது என்று அந்தக் காலத்திலேயே சமஸ்கிருதத்தில் எழுதி வைத்தார், நீ படிக்கிற படிப்புக்கே அவர்தான் பாட்டன் என்று. நல்லாச் சொன்னாய் போ! மறுநாள் வெள்ளனே எழுந்து, இனி என் சாப்பாடு பொறுக்கியதுதான் என்று கோணிப்பையோடு கிளம்பிவிட்டார். அந்த முனிவருக்கு நெல்லோ தினையோ கிடைத்திருக்கும். நம் காட்டில் என்ன கிடக்கும்? பூண்டு! சுட்டுத் தின்றார், அவித்துத் தின்றார். பல்லை உரித்துக் கத்தி நுனியால் கீறிக் கீறி, அணு வருகிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். நாற்றம்தான் வந்தது. நாய்கூட அவர் பக்கத்தில் படுப்பதில்லை. நான் ஆக்கிய சோறு சட்டியோடு ஆறிக் கிடந்தது, எனக்கு வயிறு எரிந்தது தம்பி.

அதோடு போயிற்றா? பூண்டு எடுத்தபின் மண்ணில் தங்குகிற உதிரி, வேலைக்கு வந்த பெண்களுக்குத்தான், காட்டுக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், உனக்கே தெரியும். இவர் முந்திக்கொண்டு பொறுக்கினால் அவர்கள் சும்மா இருப்பார்களா? நம் காட்டு வேலைக்கு ஆள் கூட்டி வரும் இருளாயி வாசலில் வந்து நின்று, காடு உங்களுதுதான், உதிரி எங்களுதுங்க, இப்படியே போனா கெழங்கு நடவுக்கு ஒருத்தியும் வரமாட்டோமுங்க என்று சொல்லிவிட்டாள். உருளை விதைக்கிழங்கு முளைவிட்டுக் கிடக்கிறது, மழை தலைக்கு மேல் நிற்கிறது. இவரோ, கணாதரை யாரும் இப்படிக் கேக்கலையே என்கிறார். அவருக்குச் சொந்தக் காடு இருந்துச்சா, பொண்டாட்டி இருந்தாளா என்று கேட்டேன். போனில் தேடிச் சொல்கிறேன் என்றார்.

நேற்று மத்தியானம் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். இருளாயி எல்லாப் பெண்களையும் கூட்டிவந்து பந்தியாக உட்கார்ந்துகொண்டு, ஐயா எங்க பங்கைத் திங்கிறாக, நாங்க ஐயா பங்கைத் திங்கிறோம், வெரசா போடுங்கக்கா என்றாள். யோசனை யாருடையது என்று நீ கேட்க வேண்டாம். நானும் போட்டேன். கோழிக்கால் இருளாயி இலையில் விழுந்ததைப் பார்த்ததும் உன் அப்பா கையிலிருந்த சுட்ட பூண்டைக் கீழே வைத்தார். கோணியைத் தூக்கி வந்து அவள் முன்னால் போட்டுவிட்டு, பந்தியின் கடைசியில் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை நடவு.

கை கழுவும்போது என்னிடம் மெல்ல, அப்ப இனிமே பயகிட்ட என்னத்தப் பேசுறது என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீ எப்போதும் அவரிடம் சாப்பிட்டீங்களா என்பாய், அடுத்த பேச்சு அம்மாகிட்ட குடுங்க என்பாய். கணாதர் கதை சொன்ன அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரோடு அரைமணி நேரம் பேசினாய். அடுத்த போனில் உன்னிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே என்றுதான் மனுஷன் இத்தனை பூண்டையும் தின்றிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு ராசா. போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. கிழங்கைக் கேள், மழையைக் கேள், நாயைக் கேள். நீ நன்றாக இருப்பாய். ஆனால் காற்றை மட்டும் குடித்து வாழ்ந்த முனிவர் யாராவது இருந்தால், அவரைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதே.

உன் அம்மா,
முருகேஸ்வரி