பத்து நிமிஷ ஸ்டூல்

என்னங்க,

கோவிச்சுக்கிட்டு வரலைன்னு அக்காகிட்ட சொன்னேன், அவ நம்பல.

கல்யாணமான புதுசுல, "டீ குடிச்சிட்டு வந்துடறேன், பத்து நிமிஷம் பாத்துக்கோ"ன்னு நம்ம மூக்குக்கண்ணாடிக் கடையில என்னை ஸ்டூல்ல உக்கார வெச்சீங்க. அதோட சரி, அங்கேயே கிடக்கேன். எனக்கு என்ன வேலை பிடிக்கும்னு நீங்களும் கேக்கல, நானும் யோசிக்கல. அதை யோசிக்கத்தான் இங்க அக்கா வீட்டுக்கு வந்தேன்.

தையல், பேக்கரி எல்லாம் யோசிச்சுப் பாத்தாச்சு. நேத்து அத்தான் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்துச்சு. கேக்காமக் கொள்ளாம அவர் மூக்குலேர்ந்து கழட்டி, நிமிர்த்தி மாட்டிவிட்டேன். "உன் மூஞ்சி இப்பதான் நேரா தெரியுது"ன்னார். அக்கா சிரிச்சா. நான் போய்த் துணியை மடிச்சுப் பெட்டியில வைக்க ஆரம்பிச்சிட்டேன்.

திங்கக்கிழமை கடைக்கு வர்றேன். இந்தத் தடவை நானா வர்றேன். அந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டுட்டு, உங்களுது மாதிரியே ஒரு நாற்காலி வாங்கி வைங்க.

இப்படிக்கு,
கடைக்காரி