ஹில்க்கா ஏரியில் இறங்கிய கதை

நூர்மெஸ், மே மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் மிர்வாவுக்கு,

நீ அங்கே பெர்த்தில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மா தேவைக்கு அதிகமாகவே சுகம், அதுதான் இந்த வீட்டில் இப்போதைய தொல்லை. போனில் கேட்டால் “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்று முடித்துவிடுவாள், ஆகவே நடந்ததை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவள் தபால் வண்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் ஆடும் நாற்காலி ஒன்று பரிசாகக் கொடுத்தது உனக்குத் தெரியும். ஒரே ஒரு சாயங்காலம் அதில் உட்கார்ந்தாள், கிழவியாகிவிட்டோம் என்று பயந்து எழுந்தாள். மறுநாள் காலை காப்பிக்கு முன்பே வரும் ஜூலையில் நடக்கும் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒரே நாளில் ஒரே மூச்சில். “செத்தா எங்க புதைக்கணும்னும் சொல்லிட்டுப் போ” என்றேன். “உன் பக்கத்துல மட்டும் வேணாம், அங்கயும் பேசிக்கிட்டே இருப்ப” என்றாள். நவம்பரில் பனி விழுந்ததும் சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து ஒரு தாங்கியில் மாட்டி, டிவிக்கு நேர் முன்னால் நிறுத்திக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க நம் ஐஸ் ஹாக்கி அணி போட்ட கோல்களில் பாதியை நான் பார்க்கவே இல்லை மகளே, உன் அம்மாவின் பின்புறத்தைத்தான் பார்த்தேன். அதுவும் அவளுக்குப் பொருட்டல்ல என்பதுபோல, கோல் விழும்போதெல்லாம் திரும்பி “யார் போட்டது?” என்று என்னையே கேட்பாள்.

ஓட்டத்துக்கு மட்டும் வெளியேதான் போவாள். அடியில் ஆணி வைத்த காலணி, நெற்றியில் விளக்கு, கண்ணிமையில் உறைபனி. அந்தக் கோலத்தில் காட்டில் எதிர்ப்பட்டால் கரடியே வழிவிடும். நான் காரில் சூடு போட்டுக்கொண்டு பின்னாலேயே மெதுவாகப் போவேன், பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டாலும் நிஜத்தில் கேலி பண்ணத்தான். பிப்ரவரியில் ஒரு நாள், மைனஸ் முப்பது இருக்கும், ஏரியோரக் காட்டுப் பாதையில் ஜன்னலை விரலளவு இறக்கி “ஹில்க்கா, அந்த மரம் உன்ன முந்திடப் போகுது பாரு” என்று கத்தினேன். “அவ்வளவு அக்கறையிருந்தா இறங்கி ஓடுய்யா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, பிளாஸ்க்கில் இருந்த காப்பியை நிதானமாகக் குடித்தேன். பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு முனகல் முனகி அடங்கிவிட்டது. போன் சமையலறை மேசையில். காலில் வீட்டுச் செருப்பு. நடந்து போக முடியாது, உட்கார்ந்திருந்தால் விறைத்துப்போவேன். கண்ணாடியின் உள்பக்கம் என் மூச்சே பனியாகப் படிந்தது, கால்விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் போயிற்று. பயந்துவிட்டேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன. அப்போது அந்தப் பனிக்குள்ளிருந்து அவள் விளக்கு திரும்பி வந்தது. “பின்னாடி உன் வாய்ச் சத்தம் கேக்கல, அதான் பயம் வந்திருச்சு” என்றாள். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டு, கழுத்துத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு பண்ணைக்காரர் பென்டி வீடு வரைக்கும் ஓடி, அவரை டிராக்டரோடு கூட்டிவந்தாள். பென்டி என்னை ஏற்றும்போது என்ன சொன்னார் தெரியுமா, “யோவ் ரைமோ, கார்ல போனவன நடந்து போனவ காப்பாத்துறா. இத நான் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்” என்றார். சொல்லிக்கொண்டும் இருக்கிறார். விரல்கள் பிழைத்தன, ஒரு நகம் போனது. அதன் பிறகு கொஞ்ச நாள் நான் கேலியே பண்ணவில்லை, எனக்கு ஏதோ நோய் என்று உன் அம்மா காய்ச்சல் பார்த்தாள்.

இனிமேல்தான் விஷயம். இந்த மாத நடுவில் ஏரியில் பனிக்கட்டி உருகிப் போயிற்று. குளிர்காலமெல்லாம் நகராட்சி நீச்சல் குளத்தில் மீன் மாதிரி நீந்தியவள், ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி முகத்தை நீருக்குள் வைத்தாள், அடுத்த நொடி அலறிக்கொண்டு கரையோர மரமேடைக்கு வந்துவிட்டாள். குளத்தில் அடியில் கோடு தெரியும், விளக்கு எரியும். நம் ஏரி கறுப்புக் காப்பி, கை நீட்டினால் கை தெரியாது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை. போன வியாழன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “பேர எடுத்துடலாம்னு இருக்கேன்” என்றாள். நான் ஆசைப்பட்ட வார்த்தைதான், ஆனால் கேட்டதும் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்ததைவிடக் குளிர்ந்தது. “இன்னும் ஒரே ஒரு தடவை இறங்கிப் பாத்துட்டு எடு” என்றேன்.

நேற்று பென்டி படகில் சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், ஆபத்தென்றால் உதவட்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். உன் அம்மா இடுப்பளவு நீரில் நின்று, “அடியில என்ன இருக்குன்னே தெரியல ரைமோ” என்றாள். எனக்கு ஒரு நக்கலும் வரவில்லை. “பொறந்ததுலேருந்து இதுல மீன் பிடிக்கிறேன், எனக்கும் தெரியாது” என்றேன். பிறகு என்ன தோன்றியதோ, சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி மேடையில் போட்டுவிட்டு, கம்பளி உள்ளாடையோடு ஏரிக்குள் நடந்தேன். தண்ணீர் எந்த இடத்தை எட்டியபோது கத்தினேன் என்பதை மகளிடம் எழுத முடியாது. பென்டியின் கையிலிருந்து தூண்டில் நழுவி விழுந்தது. உன் அம்மா சிரித்தாள், சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள், “வெளிய போ மனுஷா, செத்துருவ!” என்றாள். “நீ பென்டி படகத் தொட்டாத்தான் நான் ஏறுவேன், சீக்கிரம் போ!” என்றேன். திட்டிக்கொண்டே போனாள். முதலில் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்தினாள், பாதியில் முகம் உள்ளே போனது, கைகள் ஒழுங்காக விழ ஆரம்பித்தன. படகைத் தொட்டாள். நான் பல் கிடுகிடுக்க ஏறிவிட்டேன், அவளோ திரும்பி வராமல் படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.

பிறகு நாங்கள் இருவரும் சவுனா நீராவி அறையில் ஒரு மணி நேரம் வெந்தோம். நீ போன் பண்ணும்போது அவளிடம் வயதைப் பற்றி மட்டும் பேசாதே. ஜூலையில் லீவு கிடைக்குமா என்று இப்போதே உன் ஆபீசில் கேட்டு வை. அங்கே வெயிலில் தொப்பி போட்டுக்கொள், நம் ஊர் ரை தானிய ரொட்டி பார்சல் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல். எந்தக் குறையும் இல்லாமல், வாய் ஓயாத ஒருவன் துணைக்குக் கிடைத்து, நீண்ட நாள் நன்றாக இரு.

இன்னும் தும்மிக்கொண்டிருக்கும்
உன் அப்பா
ரைமோ